ஆல்ப்ஸில் ஒரு வாரம் பைக்கில்: கணவாய்க்கு முன் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள்

ஆல்ப்ஸ் மலையில் பைக் ஓட்டத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் ஒரு கணவாய்ப் பட்டியலோடுதான் தொடங்குகிறார்கள். இத்தாலியின் ஸ்டெல்வியோ, சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா, ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர், பிரான்ஸின் இசெரான், கலிபியே. ஆசைப்படத் தகுந்த இடங்கள்தான் எல்லாமே. ஆனால் இவற்றை ஒரே கோட்டில் இணைத்துப் பாருங்கள். கையிலிருக்கும் ஒரு வாரத்தில் பாதி, கணவாய்களுக்கு இடையிலுள்ள நெடுஞ்சாலையிலேயே கரைந்துவிடும். வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் சராசரி வேகம் மணிக்கு 40, 50 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. அங்கே 250 கிலோமீட்டர் என்பது ஒரு முழு நாள் வேலை. 350 கிலோமீட்டர் என்று எழுதிவைத்தால் மாலை நேரத்து வளைவுகளைச் சோர்ந்த கண்களோடு சந்திக்க வேண்டியிருக்கும்.

ஆகவே எந்தக் கணவாய் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இரவில் எங்கே தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஏழெட்டு நாள் விடுப்பு எடுத்து முதல்முறையாகப் போகிறவர் முன் நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட்டில் தங்கி தினமும் சுற்றி வருவது ஒன்று. இத்தாலியின் வட எல்லையில், தென் டிரோலிலும் டோலமைட் மலைகளிலுமாக இரண்டு ஊர்களில் தங்குவது இன்னொன்று. பிரான்ஸில் ஏரியிலிருந்து கடல் வரை ஒரே நீள் பாதையில் இறங்கிப் போவது மூன்றாவது. ஆஸ்திரியாவை மையமாக வைத்து கிராஸ்குளோக்னர் ஏறுவது நான்காவது. இந்த நான்கில் முதல் பயணத்துக்கு நான் சொல்வது இத்தாலியைத்தான். ஏன் என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது வானிலை, இரண்டாவது வலப்பக்கச் சாலை.

வானிலையைப் பார்ப்போம். பிரதான மலைத்தொடர் சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் பகுதியிலும் அதற்குக் கிழக்கேயும் ஏறத்தாழ கிழக்கு மேற்காக ஓடுகிறது. வடமேற்கிலிருந்து ஈரக்காற்று வரும் நாளில் வட சரிவில் மழை கொட்டும். அதே நேரத்தில் தென் சரிவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். காற்று தெற்கிலிருந்து வந்தால் நிலைமை தலைகீழாகும். இதோடு உயரத்தின் குளிரும் சேர்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி இறங்கும். ஸ்டெல்வியோ அடிவாரத்திலுள்ள பிராட்டோ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கணவாயின் உச்சி 2,757 மீட்டர். கீழே 25 டிகிரி இருந்தால் மேலே 13 டிகிரிதான் இருக்கும். நனைந்த கையுறையும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் பிரேக் பிடிக்கும் விரல்கள் மரத்துவிடும். கோடையின் பிற்பகல்களில் இடிமழை வழக்கமானது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஆகஸ்டிலும் பனி விழுவதுண்டு.

ஒவ்வோர் இரவுக்கும் ஒவ்வோர் ஊரில் விடுதி பதிவு செய்தவர், மழையோ பனியோ, குறித்த நாளில் குறித்த கணவாயைக் கடந்தே ஆக வேண்டும். ஒரே ஊரில் மூன்று இரவு தங்குபவர் காலையில் வானிலை அறிக்கையைப் பார்த்து வடக்கே போகலாம், தெற்கே போகலாம், அன்றைக்கு ஓட்டாமலும் இருக்கலாம். பைக்கின் பக்கப்பெட்டிகளை அறையில் கழற்றி வைத்துவிட்டு இலகுவாக ஏறலாம். நான் ஒரே ஊரில் தங்கச் சொல்வது சோம்பலால் அல்ல, இந்தச் சுதந்திரத்துக்காகத்தான்.

அடுத்தது, இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கே உரிய சிக்கல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வால்பாறைச் சாலையையும் கண்டவர்களுக்கு ஆல்ப்ஸின் வளைவுகள் புதிதல்ல. ஆனால் நம் ஊரில் இறுக்கமான உள்வளைவு இடப்பக்கம் வரும், அங்கே வலப்பக்கம் வருகிறது. ஏற்றத்தில் இறுக்கமான வலது வளைவு என்றால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஹேண்டிலை வலப்பக்கம் முழுக்கத் திருப்பும்போது ஆக்சிலரேட்டர் இருக்கும் வலது கை உடம்போடு ஒடுங்கிவிடும், நுணுக்கமாகத் திருக முடியாது. அந்தத் தடுமாற்றத்தில் எஞ்சின் நின்றுபோனால் வண்டி வலப்பக்கம் சாயும், வலது காலைத்தான் ஊன்ற வேண்டும். பின் பிரேக்கும் அதே காலில்தான் இருக்கிறது. கால் தரையில் இருக்கும்வரை அந்த பிரேக் உங்களுக்கு இல்லை. சரிவில் பின்னோக்கி உருளும் 250 கிலோ வண்டியை முன் பிரேக் ஒன்றை மட்டும் நம்பிப் பிடித்து நிறுத்த வேண்டும். இடது வளைவில் நின்றால் இந்தத் தொல்லை கிடையாது. இடது கால் ஊன்றும், வலது கால் பிரேக்கில் இருக்கும். நம் ஊர் ஏற்றங்களில் நாம் யோசிக்காமலே செய்துவந்தது இதைத்தான்.

புறப்படுவதற்கு முன் காலியான மைதானம் ஒன்றில் ஹேண்டிலை வலப்பக்கம் முழுக்கத் திருப்பி, நடை வேகத்தில், கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி வட்டமடித்துப் பழகுங்கள். கண் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும், முன் சக்கரத்தை அல்ல. ஆல்ப்ஸில் இறங்கிய முதல் நாளே ஸ்டெல்வியோ வேண்டாம் என்று நான் சொல்வதும் இதற்காகவே. மென்மையான கணவாய்களில் தொடங்கிப் படிப்படியாக ஏற வாய்ப்பளிக்கும் இடம் எதுவோ அதுவே முதல் பயணத்துக்கு ஏற்ற இடம்.

சுவிட்சர்லாந்து

ஓட்டும் சுகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஆண்டர்மாட்டுக்கே முதலிடம். சுற்றிலும் கணவாய்கள், நடுவில் ஊர். சூஸ்டன், கிரிம்செல், ஃபுர்கா மூன்றையும் சுமார் 120 கிலோமீட்டரில் சுற்றி வரலாம். மறுநாள் ஃபுர்கா, நூஃபெனன், கோட்ஹார்ட் என்று தெற்கே இன்னொரு வட்டம். சூஸ்டன் சாலை 1938 முதல் 1945 வரை மோட்டார் வாகனங்களை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. அதன் வளைவுகள் ஒரே சீராக விரிவதை ஓட்டும்போதே உணரலாம். 2,478 மீட்டர் உயர நூஃபெனன் சாலை 1969இல்தான் திறக்கப்பட்டது. ஃபுர்காவின் வளைவில் வண்டியை நிறுத்தினால் ரோன் பனிப்பாறையின் விளிம்பை வெள்ளைத் துணிகளால் போர்த்தி வைத்திருப்பது தெரியும். கோடையில் பனி உருகுவதைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. கோட்ஹார்டின் பழைய சாலையான ட்ரெமோலா இன்னும் கல் பாவிய சாலைதான். உலர்ந்த நாளில் அதைத் தவறவிடாதீர்கள், நனைந்த நாளில் பக்கத்திலுள்ள புதிய சாலையில் போய்விடுங்கள்.

வானிலையிலும் ஆண்டர்மாட்டுக்கு அனுகூலம் உண்டு. வடக்கே மழை பிடித்துக்கொண்டால் கோட்ஹார்டைத் தாண்டி டிசீனோ மாநிலத்துக்குள் இறங்கிப் பார்க்கலாம், அங்கே பெரும்பாலும் வேறு வானம் இருக்கும்.

மலைப்பாதைகளில் அஞ்சல் பேருந்துகள் ஓடுகின்றன. நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்திருந்தால் அது அவற்றின் தடம். பார்வை மறைந்த வளைவுக்கு முன்னால் பேருந்து மூன்று சுரங்களில் ஒலி எழுப்பும். இசையமைப்பாளர் ரொசினியின் வில்லியம் டெல் இசையிலிருந்து எடுத்த சுரங்கள் அவை. அந்த ஒலி கேட்டால் வளைவுக்கு முன்பே, உங்கள் பக்கத்தின் ஓரத்தில் நின்றுவிட வேண்டும். பேருந்து திரும்பும்போது முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். ஒதுங்கச் சொல்லவும் பின்வாங்கச் சொல்லவும் ஓட்டுநருக்கு உரிமை இருக்கிறது. பைக்கைப் பின்னோக்கித் தள்ளும் நிலை வரக்கூடாது என்றால் காதைத் திறந்து வைத்திருங்கள்.

இத்தனைக்கும் பிறகு முதல் பயணத்துக்கு ஆண்டர்மாட்டை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் செலவு. அறை, சாப்பாடு, வாடகை பைக் எல்லாமே பக்கத்து நாடுகளைவிட வெகுவாக அதிகம். அபராதமும் அப்படியே. ஊருக்கு வெளியே 80 கிலோமீட்டர்தான் வரம்பு. அதை 16 முதல் 20 கிலோமீட்டர் வரை மீறினால் 240 பிராங்க், அதற்கு மேல் போனால் விவகாரம் அபராதச் சீட்டோடு முடியாது. கேமரா இருக்கும் இடத்தை எச்சரிக்கும் செயலிகளுக்கும் தடை உண்டு. நெடுஞ்சாலைக்கான 40 பிராங்க் ஆண்டுக் கட்டண வில்லை பைக்குக்கும் கட்டாயம்தான். ஆனால் கணவாய்ச் சாலைகளுக்கு அது தேவையில்லை, நெடுஞ்சாலையைத் தொடாமல் ஓட்டினால் அந்தச் செலவு மிச்சம். நான்கே நாள்தான் விடுப்பு, பணம் பெரிய கவலையில்லை என்பவர் யோசிக்காமல் இங்கேயே போகலாம்.

இத்தாலி

டோலமைட் பகுதியில் கோர்வாராவோ அரபாவோ தங்குவதற்கு நல்ல ஊர்கள். செல்லா மலைக்கூட்டத்தைச் சுற்றி நான்கு கணவாய்கள் சுமார் 55 கிலோமீட்டர் வட்டமாக அமைந்திருக்கின்றன: காம்போலோங்கோ, கார்டேனா, செல்லா, போர்டோய். காம்போலோங்கோ 1,875 மீட்டர்தான், சரிவும் மிதம். வலப்பக்கச் சாலைக்கும் புது வண்டிக்கும் கை பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. காலையில் ஒரு திசையில் சுற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எதிர்த் திசையில் சுற்றுங்கள். ஏற்றத்தில் வந்த வலது வளைவுகள் இப்போது இறக்கத்தில் இடது வளைவுகளாக வரும். ஒரே நாளில் அந்தச் சாலை உங்களுக்கு இரண்டு பாடம் நடத்திவிடும்.

அடுத்த நாள் 2,236 மீட்டர் உயர ஜாவ் கணவாய். டோலமைட்டில் எனக்கு மிகப் பிடித்த சாலை இதுதான். உச்சியில் மரம் எதுவும் மறைக்காத புல்வெளி, அதன் மேல் செங்குத்தாக எழும் வெளிர் பாறை. பக்கத்திலுள்ள ஃபால்சரேகோ கணவாயில் நின்றுவிட்டு லகாசுவாய் சிகரத்துக்கு ரோப் காரில் போகலாம். முதல் உலகப் போரில் இத்தாலியப் படையும் ஆஸ்திரியப் படையும் அந்த மலைக்குள் குடைந்த சுரங்கங்கள் அங்கே இருக்கின்றன. ஓட்டாமல் இருக்கும் நாளுக்கு நல்ல துணை. யுனெஸ்கோ 2009இல் இந்த மலைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதன் விளைவு கூட்டம். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் செல்லா வட்டத்தில் கார்கள் வரிசை கட்டும். சைக்கிள்களுக்காக மட்டும் இந்தச் சாலைகளை அடைக்கும் நாட்களும் ஆண்டுதோறும் சில உண்டு. விடுதி பதிவு செய்வதற்கு முன்பே அந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தங்குமிடம் மேற்கே பிராட்டோ. அங்கிருந்து ஸ்டெல்வியோ ஏறும் சரிவில் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு, ஏற ஏற எண் இறங்கும். ஆஸ்திரியப் பேரரசுக்காக கார்லோ டோனேகானி என்ற பொறியாளர் 1820 முதல் 1825 வரை கட்டிய சாலை இது. குதிரை வண்டிக்காக வகுத்த சரிவு என்பதால் ஏற்றம் கடுமையில்லை, வளைவுகள்தான் இறுக்கம். வெளிப்படையாகச் சொன்னால், ஓட்டும் சுகத்தில் ஜாவுக்கும் நூஃபெனனுக்கும் அடுத்த இடம்தான் ஸ்டெல்வியோவுக்கு. ஆனாலும் சுவர்போல் அடுக்கிய அந்த வளைவுகளை மேலிருந்து பார்க்காமல் திரும்பக்கூடாது. காலை எட்டு மணிக்குள் உச்சியில் இருக்கும்படி கிளம்புங்கள். பத்து மணிக்குப் பிறகு சைக்கிள்கள், கார்கள், வளைவில் திணறும் கேம்பர் வண்டிகள் என்று சாலை நிறைந்துவிடும்.

இறங்கும்போது வந்த வழியே வராதீர்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே உம்பிரைல் பிரிகிறது. 2,501 மீட்டர், சுவிட்சர்லாந்தின் உயரமான தார்ச்சாலைக் கணவாய். அதில் இறங்கி சாந்தா மரியா வழியாகச் சுற்றினால் மதியத்துக்கு முன்பே பிராட்டோ வந்துவிடலாம். தெளிந்த நாள் ஒன்று கிடைத்தால் பெரிய வட்டம் போகலாம்: ஓஃபன் கணவாய், பெர்னினா, லிவிஞ்ஞோ, போர்மியோ, கடைசியாக மறுபக்கத்திலிருந்து ஸ்டெல்வியோ. சுமார் 200 கிலோமீட்டர். லிவிஞ்ஞோ வரிவிலக்கு ஊர் என்பதால் பெட்ரோல் அங்கே மலிவு, தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பைக்கில் வருபவர்களை வரவேற்றுப் பழகிய விடுதிகள் இந்தப் பக்கம் நிறைய. மூடிய வண்டி நிறுத்தம், நனைந்த உடைகளை உலர்த்தத் தனி அறை, இரவு உணவும் சேர்ந்த வாடகை என்று கேட்டு வாங்கலாம். சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கீரையோ பாலாடைக்கட்டியோ சேர்த்துப் பிடித்த ரொட்டி உருண்டைகள் ஏறக்குறைய எல்லா உணவு விடுதிகளிலும் கிடைக்கும்.

பிரான்ஸ்

ஜெனீவா ஏரிக்கரையில் தோனோனில் தொடங்கி மத்தியதரைக் கடலோர நீஸ் நகரில் முடியும் பெரும் ஆல்ப்ஸ் பாதை சுமார் 700 கிலோமீட்டர். ரோஸ்லாண்ட், 2,764 மீட்டர் உயர இசெரான், 2,642 மீட்டர் உயர கலிபியே, பாறைத் தூண்கள் நிற்கும் மொட்டைச் சரிவுகளைக் கொண்ட இசோவார் என்று வரிசையாக வரும். ஆல்ப்ஸின் தார்ச்சாலைக் கணவாய்களில் மிக உயரமானது இசெரான். விரும்பினால் சற்று விலகி போனெட்டும் ஏறலாம், அதன் மேல்வட்டச் சாலை 2,802 மீட்டரைத் தொடுகிறது. பசும்புல்லும் பசுக்களுமாகத் தொடங்கும் நிலம், தெற்கே போகப் போக வறண்டு வெளுத்து, கடைசியில் கடலில் முடிகிறது. மற்ற மூன்று வழிகளிலும் இந்த நில மாற்றம் கிடைக்காது. செலவும் சுவிட்சர்லாந்தைவிடக் குறைவு, கூட்டமும் டோலமைட்டைவிடக் குறைவு.

ஆனால் இது ஒருவழிக் கோடு. வடக்கில் வண்டியை எடுத்தால் தெற்கிலிருந்து திரும்பக் கொண்டுவர இரண்டு நாளாவது வேண்டும். வேறு ஊரில் வண்டியை ஒப்படைக்க வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் தனிக்கட்டணம் கேட்கும், சில மறுக்கும். இசெரானில் பனி விழுந்து சாலையை அடைத்தால் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போக நீண்ட சுற்று. மொத்தம் பத்து நாளாவது இருந்தால்தான் இந்தப் பாதைக்கு நியாயம் செய்ய முடியும். சிற்றூர்களில் மதியம் கடைகள் மூடியிருக்கும். பெட்ரோல் நிலையங்களில் ஆளில்லாமல் கார்டு இயந்திரம் மட்டும் இருக்கும். ஒரு கார்டை ஏற்காவிட்டால் இன்னொன்று கையில் இருக்கட்டும், தொட்டி பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம். சான்று பெற்ற கையுறை இங்கே சட்டப்படி கட்டாயம், பின்னால் அமர்ந்து வருபவருக்கும்தான். இரண்டாவது பயணத்துக்கு இந்தப் பாதையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரியா

கிராஸ்குளோக்னர் உயர்மலைச் சாலை 1935இல் திறக்கப்பட்டது. 48 கிலோமீட்டர், 36 வளைவுகள், தரமான தளம், விசாலமான திருப்பங்கள். பைக்குக்கான ஒரு நாள் கட்டணம் 30 யூரோவுக்கு மேல். இரவில் சாலை மூடப்படும். அழகில் குறையில்லை, ஆனால் ஒரு வாரத்தை நிரப்பும் அளவுக்கு இப்படிப்பட்ட சாலைகள் பக்கத்தில் நெருங்கி அமையவில்லை. இதை இத்தாலியிலிருந்து திரும்பும் நாளில் வைத்துக்கொள்வதே சரி.

இப்படிப் பார்த்தால் ஒரு வாரத் திட்டம் தானாகவே உருவாகிறது. மியூனிக்கில் பைக்கை வாடகைக்கு எடுத்து, ஃபெர்ன் கணவாய், ரேஷன் கணவாய் வழியாகப் பிராட்டோ. இரண்டும் தாழ்வான, அகலமான சாலைகள், வலப்பக்கம் ஓட்டப் பழக ஏற்றவை. ரேஷன் ஏரி நீரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் பழைய தேவாலய மணிக்கூண்டு வழியிலேயே வரும். வழியில் லெக் பள்ளத்தாக்கின் பக்கம் ஒதுங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பதிவுச் சான்றிதழில், வண்டி நின்ற நிலையில் அளந்த ஒலி 95 டெசிபலைத் தாண்டிய பைக்குகளுக்கு அங்கே சில சாலைகளில் கோடைக்காலத் தடை இருக்கிறது. பிராட்டோவில் முதல் நாள் ஓஃபன் கணவாய்ப் பக்கம் ஒரு சிறு சுற்று, ஸ்டெல்வியோ மறுநாள். அங்கிருந்து மெரானோ, போல்சானோ வழியாக டோலமைட், மூன்று இரவு. திரும்பும்போது லியன்ஸ் வழியாக கிராஸ்குளோக்னர் ஏறி இறங்கி, ஆஸ்திரியாவில் ஓர் இரவு, மறுநாள் மியூனிக். மூன்று இரவு தங்கும் ஊரிலேயே கூடுதல் ஒரு நாளைச் சேர்க்க முடிந்தால் சேருங்கள், மழைக்கான ஒதுக்கீடாக அது இருக்கட்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை செப்டம்பரின் முதல் பாதிதான் என் தேர்வு. உயரமான கணவாய்கள் பெரும்பாலும் ஜூனில் திறந்து அக்டோபரில் மூடுகின்றன. பனி அதிகம் பெய்த ஆண்டில் ஜூன் நடுவிலும் சில மூடியே கிடக்கும். ஆகஸ்ட் 15 இத்தாலியர்களின் பெரிய விடுமுறை, அந்த வாரத்தில் அறையும் கிடைக்காது, சாலையும் கிடைக்காது.

வண்டி விஷயத்தில் பெரிய எஞ்சினுக்கு மயங்க வேண்டாம். 650 முதல் 900 சிசி வரையிலான, உங்கள் இரண்டு பாதங்களும் தரையில் படிகிற பைக் போதும். 2,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கால்வாசி குறைவதால் எந்த எஞ்சினும் மந்தமாகத்தான் இழுக்கும். இறுக்கமான வளைவில் கை கொடுப்பது குறைந்த எடை. இறக்கத்தில் இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும், பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். நடுத்தர எடை பைக்கின் வாடகையே நாளொன்றுக்கு 100 யூரோவைத் தாண்டும். கடன் அட்டையில் முன்பணமும் பிடித்து வைப்பார்கள். இந்திய உரிமத்தையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் ஏற்பார்களா, வயது வரம்பு என்ன, வண்டியை எந்தெந்த நாடுகளுக்குக் கொண்டுபோகலாம் என்பதை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். பயணக் காப்பீட்டில் எத்தனை சிசி வரை பைக் ஓட்டுவதற்குப் பாதுகாப்பு உண்டு என்ற வரியைத் தேடிப் படியுங்கள். விசாவுக்காக எடுக்கும் மலிவான பாலிசிகளில் அது விடுபட்டிருக்கக்கூடும். ஆஸ்திரியாவில் பைக்கிலும் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும், வாடகை வண்டியில் இருக்கிறதா என்று புறப்படும்போதே இருக்கையைத் தூக்கிப் பாருங்கள்.

விசாவும் இரவுகளின் கணக்கைப் பொறுத்ததுதான். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாட்கள் தங்கப்போகும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன திட்டத்தில் விமானம் இறங்குவது ஜெர்மனியில், ஆனால் இரவுகளில் பெரும்பாலானவை இத்தாலியில். ஆகவே விண்ணப்பம் இத்தாலிக்குப் போக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் பயணம் என்றால் ஏப்ரலிலேயே பிராட்டோவிலும் கோர்வாராவிலும் ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பதிவு செய்துகொண்டு, அந்த ரசீதுகளோடு விசா மையத்தில் நேரம் வாங்குங்கள். பைக்குக்கான முன்பணத்தை விசா கைக்கு வந்த பிறகு கட்டினால் போதும்.